சபையை விட்டு விலகிய பின் விசுவாசத்தில் நிலைத்திருப்பது எப்படி?

பேராயர் ஒருவரின் கீழ் பல சபைகள் சேர்ந்த திருமண்டலத்தின் தேர்தல் காலத்தில் ஆலய வளாகத்தில் மூளும் வாக்குவாதங்களையும், பள்ளி வேலைக்கும் கல்லூரி இடத்துக்கும் உள்ளூர்ச் சபை நிர்வாகமான சேகரக் கமிட்டியின் பரிந்துரைக்காக மக்கள் காத்துக் கிடப்பதையும், ஆராதனையில் சமாதானம் சொல்லிக் கைகொடுத்தவர்களே மறுநாள் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்பதையும் பல காலம் பார்த்துவிட்டு, இயேசு வேண்டும், இந்த அமைப்பு வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. விலகலாமா கூடாதா என்ற விவாதத்தில் இது இறங்கவில்லை. விலகியவரும், மனத்தளவில் விலகிவிட்டு ஞாயிறுதோறும் உடம்பை மட்டும் கொண்டுபோய் உட்கார வைப்பவரும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் பேசுகிறது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சபை தன் எல்லாக் குறைகளோடும் நமக்காகச் சில வேலைகளைச் செய்து வந்திருக்கிறது. வேதத்தை வரிசையாக வாசித்துக் காட்டியது, ஜெபத்துக்கு நேரம் குறித்தது, நமக்குப் பிடிக்காதவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது, கையிலிருந்து காணிக்கையை வாங்கிக்கொண்டது, மணம் முடித்தது, அடக்கம் செய்தது. வெளியே வந்தவர் இவை ஒவ்வொன்றுக்கும் தானே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். செய்யாதவரிடம் சில ஆண்டுகளில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் சபைமீதான கோபம்தான்.

எதிலிருந்து விலகுகிறீர்கள்?

ஒரு தாளை எடுத்து, உங்களை வெளியே தள்ளிய காரியங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஐயர் என்று நாம் அழைக்கும் போதகரின் பேச்சு, கணக்குக் காட்டாத நிதி, உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த அவமதிப்பு, சாதி, பெண்களுக்கு மறுக்கப்படும் இடம், நற்கருணை என்கிற திருவிருந்தைப் பற்றிய ஐயம், தேவன் இருக்கிறாரா என்ற ஐயம் என எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றின் அருகிலும், இந்தக் குறை நாளையே சரியானால் நான் திரும்புவேனா என்று கேட்டுப் பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால், உங்களுக்குத் தேவைப்படுவது வேறொரு ஆலயமாகவோ ஒரு நீண்ட ஓய்வாகவோ இருக்கலாம். இல்லை என்ற பதில் வரும் இடங்களில்தான் உங்கள் உண்மையான கேள்வி இருக்கிறது. பின்வரும் எல்லாம் அந்தக் கேள்வியோடு வாழ்வதற்கான வழிமுறைகள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெரிய சபையிலிருந்து கோபத்தோடு வெளியேறுபவர்கள் நம் ஊரில் பெரும்பாலும் போய்ச் சேருவது, பாஸ்டரே நிறுவனரும் பொருளாளருமாக இருந்து, அவருக்குப் பின் அவர் மகனுக்கு மேடை கைமாறுகிற ஒரு சுயாதீன ஊழியத்தில். அங்கே தேர்தல் சண்டை இல்லை என்பது உண்மைதான். ஏனென்றால் தேர்தலே இல்லை. திருமண்டலத்தில் கணக்குக் கேட்டு வழக்காவது போடலாம், இங்கே அதற்கும் வழி குறைவு. பிரிந்தவர்கள் தாங்களே இன்னொரு சபையாக இறுகிப்போவது நமக்குப் பழைய கதை: 1857-இல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துப் பகுதியில் அருமைநாயகம் சட்டம்பிள்ளை மிஷனரிகளின் அதிகாரத்தை உதறிவிட்டு வெளியே வந்தார், வந்தவர் தனிச் சபை ஒன்றையே நிறுவினார்.

வாசிப்பு

பிரசங்கம் கேட்டே பழகியவர்களுக்கு வேதத்தை அதிகாரம் அதிகாரமாக வாசிக்கும் பழக்கம் குறைவு. நமக்கு வசனம் தெரியும், அது எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் அதிகம் காணப்படும் எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நம்மைக் குறித்துத் தேவன் கொண்டிருப்பது தீமைக்கான நினைவுகள் அல்ல, சமாதானத்துக்கான நினைவுகள் என்று அது சொல்கிறது. அட்டையை வைத்துவிட்டு அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தால், அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் என்பது தெரியும். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று கடிதம் சொல்கிறது. விடுதலை எழுபது ஆண்டுகள் கழித்துத்தான் என்பது பத்தாவது வசனத்தில் இருக்கிறது. அதாவது, அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் அதைக் காணப்போவதில்லை. முந்தைய அதிகாரத்தில், இரண்டே ஆண்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்ன அனனியாவைத்தான் எரேமியா கள்ளத் தீர்க்கதரிசி என்கிறார். நம் அட்டைகள் எரேமியாவின் வார்த்தையை எடுத்து அனனியாவின் செய்தியாக அச்சடிக்கின்றன என்று சொன்னால் மிகையாகாது.

ஆகவே மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். பதினாறு அதிகாரங்களையும் ஒரே மாலையில், முடிந்தால் உரக்க வாசித்துவிடலாம். பிறகு அதையே வாரம் ஓர் அதிகாரமாக மெதுவாக வாசியுங்கள். நமக்கு மனப்பாடமான பழைய மொழிபெயர்ப்போடு 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், பழக்கத்தால் கண் தாண்டிப்போகும் இடங்களில் சற்று நின்று யோசிக்க வேண்டிவரும். கைப்பேசியில் ஓடும் பிரசங்கங்களைக் குறைந்தது இந்தச் சில மாதங்களுக்காவது நிறுத்திவையுங்கள். ஆலயத்தை விட்டு வந்து திரைக்கு முன் உட்கார்வதில் இடம் மட்டுமே மாறுகிறது.

ஜெபம்

நேரத்தையும் இடத்தையும் குறித்துவிடுங்கள். மனம் வரும்போது ஜெபிக்கலாம் என்று விட்டால் மனம் வராது. சொல்வதற்குச் சொற்கள் இல்லாத நாளுக்குச் சங்கீதங்கள் இருக்கின்றன. ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகம் 150 சங்கீதங்களையும் முப்பது நாள்களுக்குக் காலை, மாலை எனப் பகிர்ந்து வைத்திருக்கிறது. அந்த அமைப்பைச் சபைக்கு வெளியே இருப்பவரும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். வரிசையாகப் போவதில் ஒரு நன்மை, நமக்குப் பிடித்த 23-ஐயும் 91-ஐயும் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. சாபங்கள் நிறைந்த 109-ஐயும், ஆறுதலான ஒரு சொல்கூட இல்லாமல் இருளில் முடியும் 88-ஐயும் வாய்விட்டுச் சொல்ல வேண்டிவரும். சபையால் காயப்பட்டு வந்தவருக்கு இந்தச் சங்கீதங்கள் மிகவும் உதவும். கோபத்தை அடக்கிக்கொண்டு பக்தியாகப் பேச வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை.

மௌனத்தையும் பழகுங்கள். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸின் பிரசங்கத்தால் திரண்ட குவேக்கர்கள் போதகரும் பலிபீடமும் இல்லாமல் மௌனமாகக் கூடி உட்கார்ந்தார்கள். உள்ளத்தில் ஏவுதல் உண்டானவர் மட்டும் எழுந்து பேசினார். நம் ஆராதனைகளின் ஒலிபெருக்கிகளுக்குப் பழகிய காதுக்கு இது முதலில் தண்டனையாகத் தோன்றும், பத்து நிமிடத்தில் தொடங்கினால் போதும்.

துணை

இந்த வழிகாட்டியில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். தனியாக விசுவசிப்பவர் செய்யும் தவறு ஒன்று உண்டு: தன் கருத்துகளையே தேவனுடைய குரலாக எண்ணத் தொடங்குவார், மறுத்துச் சொல்ல அருகில் ஆள் இருக்காது. உறவினர்கள் எபிரெயர் 10:25-ஐக் காட்டி, சபை கூடிவருதலை விடலாமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. இரண்டு மூன்று பேர் கூடினாலும் அவர்கள் நடுவில் இருப்பதாக இயேசு சொன்ன மத்தேயு 18:20-ஐப் பதிலாகச் சொல்லலாம், ஆனால் அந்த இரண்டு மூன்று பேர் உண்மையிலேயே இருக்க வேண்டும்.

இதை ஒழுங்காகச் செய்துகாட்டியவர்களில் ஜப்பானின் உச்சிமுரா கான்சோவைச் (1861–1930) சொல்ல வேண்டும். சப்போரோ வேளாண் கல்லூரியில் மாணவராக இருந்தபோது அவரும் நண்பர்களும் விடுதி அறையில் கூடினார்கள். ஒரு மாவுப் பீப்பாய்தான் பிரசங்க பீடம், ஒவ்வொரு வாரமும் ஒருவர் முறைவைத்துப் போதகராக இருந்தார். பின்னர் தாங்கள் அமைத்த சபையின் கட்டடத்துக்காக மெதடிஸ்ட் மிஷன் கொடுத்திருந்த பணத்தைச் சிரமப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுதந்திரமானார்கள். 1901-இல் உச்சிமுரா தொடங்கிய பத்திரிகையின் பெயரான 'முக்கியோகாய்' ஓர் இயக்கத்தின் பெயராகவே ஆயிற்று. சபையில்லாதவர்களுக்கான சபை என்றே அதை அவர் விளக்கினார். அங்கே குருமாரும் இல்லை, ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற சடங்குகளும் இல்லை. தொழில் செய்து பிழைக்கும் ஒருவர் வாரந்தோறும் வேதபாடம் நடத்துவார், அவர் இறந்தால் குழு கலைந்துவிடுவது மரபு. உச்சிமுராவின் மாணவரான பொருளியல் அறிஞர் யானைஹாரா தாதாவோ, போரைக் கண்டித்ததால் 1937-இல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். போருக்குப் பின் அதே பல்கலைக்கழகத்தின் தலைவரானார். கட்டடமும் அங்கியும் இல்லாத விசுவாசம் அரசுக்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஆயினும் ஆசிரியர் ஒருவரையே சுற்றி அமையும் குழுவில் ஆபத்து உண்டு. ஜப்பானியரிடமிருந்து கலைந்துபோகும் துணிவையும், அந்த விடுதி அறையின் முறைவைப்பையும் எடுத்துக்கொண்டால் போதும்.

உங்கள் குழுவில் மூன்று பேர் முதல் எட்டுப் பேர் வரை இருக்கட்டும். எல்லாரும் உங்கள் உறவினராக இருக்கக் கூடாது, எல்லாரும் உங்கள் சாதியாகவும் இருக்கக் கூடாது. இரண்டாவது நிபந்தனை பலருக்குக் கசக்கும். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களையே சாதிவாரியாகப் பிரித்து எழுப்பிய சுவரைக் கண்டித்துச் சபையை விட்டு வந்தவர், தன் வரவேற்பறையில் ஒரே சாதிக்காரர்களை உட்கார வைத்து ஜெபித்தால், அந்தச் சுவரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்றுதான் பொருள். அப்படிப்பட்ட துணை எளிதில் கிடைக்காவிட்டால், கிடைக்கும்வரை தேடுவதையே முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கூடும்போது பத்து நிமிட மௌனம், ஓர் அதிகார வாசிப்பு, ஒவ்வொருவரும் தம் கண்ணில் பட்டதைச் சொல்வது, ஒரு பாட்டு, ஜெபம் என்ற அளவு போதுமானது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் வீட்டில் பாடக் கூடியவையே, இசைக்குழு தேவையில்லை. நடத்துபவர் வாரந்தோறும் மாற வேண்டும். மாதம் ஒருமுறை, குவேக்கர்களின் வழக்கத்தைப் பின்பற்றி, சில கேள்விகளை உரக்க வாசித்து அவரவர் பதில் சொல்லுங்கள்: இந்த மாதம் யாரிடம் பொய் சொன்னேன்? வீட்டு வேலைக்கு வருபவருக்குக் கூலி சரியாகக் கொடுத்தேனா? யாரோடு பேசாமல் இருக்கிறேன்? குழுவில் ஒருவர், ஆண்டவர் எனக்குக் காட்டினார் என்று சொல்லி மற்றவருடைய திருமணத்திலும் பணத்திலும் தலையிடத் தொடங்கினால் அன்றைக்கே அதை வெளிப்படையாகப் பேசித் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் குழுவைக் கலைத்துவிடலாம்.

இந்துக் குடும்பத்தில் இருந்துகொண்டு, ஞானஸ்நானம் பெறாமல் கிறிஸ்துவை விசுவசிப்பவர்களின் நிலை வேறு. 1915-இல் சென்னையில் கந்தசாமி செட்டியார் தாம் ஏன் சபையில் சேரவில்லை என்பதை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். 1980-களில் சென்னைக் குருகுல் இறையியல் கல்லூரியைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஹோஃபர், இத்தகையோர் நகரத்திலும் கிராமங்களிலும் பரவலாக இருப்பதை ஆய்ந்து எழுதினார். இவர்களுக்குக் கூட்டம் பெரும்பாலும் சாத்தியமில்லை. நம்பிக்கைக்குரிய ஒரே ஒருவரிடம் தொடர்பு வைத்திருந்தாலும் போதும்; யாருடைய அவசரத்துக்காகவும் வீட்டை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பணமும் பந்தியும்

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைக் கேட்க ஆள் இல்லாததால் கொடுக்கும் பழக்கமே நின்றுவிடுவது வெளியே வந்தவர்களிடம் சாதாரணமாகக் காணப்படுகிறது. சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கைத் தனியே எடுத்துவையுங்கள். திருப்பிச் செய்ய இயலாதவருக்கு, லூக்கா 14 சொல்வதுபோல், கொடுங்கள். குழுவில் ஒருவர் மட்டும் உங்கள் கணக்கைப் பார்க்கட்டும். குழுவுக்கென்று பொதுநிதியும் ரசீதுப் புத்தகமும் வேண்டாம். அவை வந்த மறுநாளே பொருளாளர் வந்துவிடுவார்.

திருவிருந்தைக் குவேக்கர்களும் முக்கியோகாய் மக்களும் கைவிட்டார்கள். ஆதி விசுவாசிகளோ வீடுகள்தோறும் அப்பம் பிட்டதாக அப்போஸ்தலர் 2:46 கூறுகிறது. ஒருவரைப் போலிக் குருவாக்கி அங்கி மாட்டுவதை விட, இயேசுவை நினைவுகூர்ந்து சேர்ந்து ஒரு வேளை சாப்பிடுவது நேர்மையானது என்பது என் கருத்து. சமைப்பதும் பாத்திரம் கழுவுவதும் பெண்கள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருமணமும் அடக்கமும்

பக்திக் கட்டுரைகளில் பேசப்படாத இந்தப் பகுதியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சபை உறுப்பினராக இல்லாதவர் 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி அரசு நியமித்த திருமணப் பதிவாளர் முன்னிலையில் மணம் செய்யலாம். அல்லது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவு அலுவலகத்தில் செய்யலாம். இரண்டாவது வழியில், மணமக்களில் ஒருவராவது குறைந்தது 30 நாள்கள் வசித்திருக்கும் மாவட்டத்தில் முன்னறிவிப்புக் கொடுத்து, அது வெளியிடப்பட்டு 30 நாள்கள் கழிந்த பின், மூன்று சாட்சிகளோடு மணம் நடக்கும். ஆகையால் நாள் குறித்த பின் ஓடாமல் முன்கூட்டியே தொடங்குங்கள்.

கல்லறைத் தோட்டங்கள் பொதுவாக அந்தந்தச் சபையின் உறுப்பினருக்கே. சந்தா பாக்கியைக் காட்டி, பிணத்தை வைத்துக்கொண்டு பேரம் பேசுவதும் நடக்கிறது. உங்கள் குடும்பக் கல்லறையில் இடம் உண்டா என்பதை இப்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் உள்ளாட்சியின் மயானத்தையோ தகனத்தையோ தேர்ந்தெடுங்கள். சொந்த நிலமாயினும் அனுமதியில்லாத இடத்தில் அடக்கம் செய்யச் சட்டம் இடம் தராது. யார் ஜெபிப்பது, எந்தச் சங்கீதத்தை வாசிப்பது, ஐயரை அழைப்பதா வேண்டாமா என்பதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, ஒரு பிரதியைப் பிள்ளைகளிடமும் இன்னொன்றைக் குழுவில் ஒருவரிடமும் கொடுத்துவையுங்கள். சபையோடு இன்னும் உறவு வைத்திருக்கும் அண்ணனுக்கோ அத்தைக்கோ அதை நீங்களே வாசித்துக் காட்டிவிடுவது நல்லது. இறந்த வீட்டில் முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.