ஹார்பர் என்றால் துறைமுகம் மட்டும்தானா?

திருகோணமலையில் வளர்ந்த பிள்ளையிடம் 'ஹார்பர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டால், கேள்வி முடியுமுன் பதில் வந்துவிடும்: துறைமுகம். ஆனால் உயர்தர வகுப்பு வாசிப்புப் பகுதி ஒன்றில் 'ஹார்பர் எ கிரட்ஜ்' என்று வந்தபோது என் மாணவி ஒருத்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இங்கே துறைமுகத்துக்கு என்ன வேலை, டீச்சர்?" என்றாள். மனதில் வஞ்சம் வைத்திருப்பது என்று பொருள். துறை கப்பலுக்கு இடம் கொடுப்பதுபோல மனம் வஞ்சத்துக்கு இடம் கொடுக்கிறது.

ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ப் பொருள் என்று எழுதிவைப்பதுதான் நான் காணும் தவறுகளில் பெரியது. கொப்பியில் நடுவே கோடு, இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். பார்க்க அழகாகத்தான் இருக்கும். எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதை அது சொல்லாது. மார்கழி மழையைப் பற்றி எழுதச் சொன்னால் பாதி வகுப்பு 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதுகிறது. காற்றுக்கும் தேநீருக்கும் 'ஸ்ட்ராங்' பொருந்தும், மழைக்கு 'ஹெவி'. காரணம் கேட்காதீர்கள், வழக்கு அப்படி. நாமும் தேநீரைக் குடிக்கிறோம், சுருட்டையும் குடிக்கிறோம், வெற்றிலையை மட்டும் போடுகிறோம். ஆகவே சொல்லை அது வந்த வசனத்தோடு எழுதிவையுங்கள்.

ஒலியில் ஒத்த சொற்களை ஒரே நாளில் படிப்பது இன்னொரு தவறு. 'எமிக்ரேட்' நாட்டைவிட்டுப் போவது, 'இமிக்ரேட்' வந்து குடியேறுவது. ஜோடியாகப் படித்தால் எளிது என்று தோன்றும்; பரீட்சை மண்டபத்தில் இரண்டும் இடம் மாறிவிடும். ஒன்று ஊறிய பிறகு மற்றதைத் தொடுங்கள்.

சேர்த்துப் படிக்க வேண்டியவை ஒரே வேரில் முளைத்த சொற்கள். அதைத்தான் பலரும் செய்வதில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகும்போது பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கடக்கிறோம். மான்களைப் பார்த்தபடி அந்த 'ஃபோர்ட்' என்ற சொல்லைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். இலத்தீனில் 'ஃபோர்ட்டிஸ்' என்றால் வலிமையான. அரண் செய்யும் 'ஃபோர்ட்டிஃபை', மனவுறுதியான 'ஃபோர்ட்டிட்யூட்', அன்றாடம் சொல்லும் 'கம்ஃபர்ட்', 'எஃபர்ட்' எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகளே. நாற்பதைக் குறிக்கும் 'ஃபோர்ட்டி' மட்டும் யாரோ. ஒலியை நம்பி உறவு கொண்டாடக் கூடாது.

அகராதியை 'ஏ' எழுத்திலிருந்து மனப்பாடம் செய்பவர்களும் உண்டு. பாவம், 'சி' வருமுன் தவணை முடிந்துவிடும். மொழியியல் ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட், படிப்பு நூல்களில் அடிக்கடி வரும் சொற்களைத் திரட்டி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் இருப்பவை 570 சொற்குடும்பங்கள்தான்; ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்தால் ஒரு குடும்பம். அங்கிருந்து தொடங்கலாம்.

படித்த பெரிய சொல்லை எங்கேயாவது இறக்கிவைக்கத் துடிப்பதும் இருக்கிறது. நண்பனுக்கு எழுதும் கடிதத்தில் ஒருவன், அம்மா சந்தையில் மீன் வாங்கியதற்கு 'ப்ரொக்யூர்' என்று எழுதியிருந்தான். "அன்னையார் சூடை மீனைக் கொள்முதல் செய்தார்" என்று தமிழில் எழுதுவாயா என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. மீன் வாங்க 'பை' என்ற ஆங்கிலச் சொல்லே போதும்.