‘நாளைப் பறி’: கார்ப்பெரே என்ற லத்தீன் வினையில் நடக்கும் தவறுகள்

மணிக்கட்டில் பச்சை குத்திக்கொள்கிறார்கள், காபிக் குவளையிலும் டி-ஷர்ட்டிலும் அச்சடிக்கிறார்கள்: ‘கார்ப்பே தியெம்’. ரோமக் கவிஞர் ஹோரஸின் தொடர் இது; லத்தீன் ஒரு வரிகூடப் படிக்காதவர்களுக்கும் தெரியும். ஆங்கிலம் வழியாக வந்து சேர்ந்ததால் தமிழிலும் ‘இந்த நாளைக் கைப்பற்று’ என்றே பலரும் எழுதுகிறார்கள். அதில் ஒரு போர்வீரனின் பிடி இருக்கிறது. லத்தீனில் இருப்பதோ தோட்டக்காரனின் விரல்.

‘தியெம்’ என்றால் நாளை; ‘கார்ப்பே’ என்ற ஏவலின் வினை கார்ப்பெரே. கார்ப்பெரே என்றால் பறித்தல், கொய்தல். ஒரு செடியிலிருந்தோ மரத்திலிருந்தோ பூவை, பழத்தை, இலையைக் கையால் ஒவ்வொன்றாக எடுப்பது. பழம் என்ற பொருள் தரும் கார்ப்போஸ் என்ற கிரேக்கச் சொல்லும், ஆங்கிலத்தின் ஹார்வெஸ்ட்டும், இலையுதிர்காலத்தைக் குறிக்கும் ஜெர்மன் ஹெர்ப்ஸ்ட்டும் இதே வேரின் கிளைகள். ரோமக் கவிஞர் வர்ஜில், உழவைப் பாடும் தன் ‘ஜார்ஜிக்ஸ்’ நூலின் நான்காம் பகுதியில், டாரென்டம் நகரத்துப் பக்கம் யாருக்கும் வேண்டாத கொஞ்சம் நிலத்தை வைத்துக்கொண்டு தோட்டம் போட்ட ஒரு கிழவரைப் பற்றிச் சொல்கிறார். ஏருக்கும் உதவாத, திராட்சைக்கும் உதவாத நிலம். ஆனாலும் வசந்தத்தில் முதல் ரோஜாவையும் இலையுதிர்காலத்தில் முதல் ஆப்பிளையும் பறிப்பவர் அவர்தான். அங்கே வரும் வினை கார்ப்பெரே. அந்தக் கிழவரின் கையை மனதில் வைத்துக்கொண்டால் இந்தச் சொல்லின் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதல் தவறு, ‘கைப்பற்று’. பிடுங்குவதற்கும் பறித்துக்கொண்டு ஓடுவதற்கும் லத்தீனில் தனி வினை இருக்கிறது: ராப்பெரே. ஹோரஸுக்கு அது தெரியாதா என்ன? இளவயதில் எழுதிய ‘எப்போட்ஸ்’ தொகுப்பின் 13ஆம் பாட்டில், வெளியே புயல் அடிக்கும்போது, ‘நண்பர்களே, இந்த நாளிடமிருந்து வாய்ப்பைப் பிடுங்கிக்கொள்வோம்’ என்று அவரே பாடியிருக்கிறார். அங்கே போட்டது ராப்பெரே. கி.மு. 23இல் வெளிவந்த ‘ஓட்ஸ்’ முதல் புத்தகத்தின் 11ஆம் பாட்டுக்கு வந்தபோதுதான் கார்ப்பெரே. வேண்டுமென்றே எடுத்த சொல் என்றுதான் நான் நினைக்கிறேன். சுற்றியுள்ள சொற்களைப் பாருங்கள். திராட்சை மதுவை வடிகட்டு என்கிறார். நீண்ட நம்பிக்கையைக் குறுக வெட்டு என்கிறார். கொடியைக் கவாத்து செய்வது போல. அந்த வரிசையில் நாளும் ஒரு பழமாகிறது. பழுத்திருக்கிறது, கைக்கு எட்டுகிறது, எடுத்துக்கொள். பழத்தின் மேல் பாய்ந்தால் அது கசங்கித்தான் போகும்.

தமிழில் பெயர்க்கும்போது நமக்கென்றே இரண்டு பள்ளங்கள் காத்திருக்கின்றன. ‘பறி’ என்பது நமக்குப் பூப்பறிக்கும் சொல்லும்தான், வழிப்பறிக்காரனின் சொல்லும்தான். ‘கொய்’ என்றால் அந்த ஆபத்து குறைவு. அடுத்தது ஒரு ஒற்றெழுத்து. ‘நாளைப் பறி’ என்றால் இந்த நாளைப் பறித்துக்கொள் என்று பொருள். இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும். அந்த ‘ப்’ விழுந்து ‘நாளை பறி’ ஆகிவிட்டால், இன்றைக்கு விடு, நாளைக்குப் பறித்துக்கொள்ளலாம் என்றாகிவிடும். ஹோரஸ் சொன்னதற்கு நேர் எதிர். ‘அடுத்த நாளை முடிந்தவரை நம்பாதே’ என்பதுதான் அதே வரியின் மீதி. ‘இன்றைக் கொய்’ என்று எழுதினால் இரண்டு பள்ளத்தையும் தாண்டிவிடலாம்.

அந்த மீதி வரியை விட்டுவிடுவதால்தான் இன்னொரு தவறு வருகிறது. ‘குடி, ஆடு, செலவழி, நாளைக்கு என்ன ஆனால் என்ன’ என்ற அழைப்பாக இதை எடுத்துக்கொள்கிறார்கள். மொத்தப் பாட்டே எட்டு வரிதான். லியூகோனோயி என்ற பெண்ணிடம், உனக்கும் எனக்கும் தெய்வங்கள் என்ன முடிவு வைத்திருக்கின்றன என்று கேட்காதே, பாபிலோனியக் கணக்குகளைக் கிளறாதே என்று தொடங்குகிறது. பாபிலோனியக் கணக்கு என்றால் சோதிடம். இது கடைசிக் குளிர்காலமாக இருக்கலாம். எதிரே உள்ள பாறையில் டிரீனியக் கடல் மோதித் தளர்ந்துகொண்டிருக்கிறது. நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே காலம் ஓடிப்போயிருக்கும். இவ்வளவுக்கும் பிறகுதான் ‘கார்ப்பே தியெம்’. கொண்டாட்டத்தின் கூச்சல் இதில் எங்கும் இல்லை. அவசரப்படுத்தும் குரல் வேண்டுமானால் இன்னொரு ரோமக் கவிஞரான ஓவிடிடம் போகலாம். ‘பூவைப் பறித்துக்கொள்ளுங்கள், பறிக்காவிட்டால் தானே அசிங்கமாக உதிரும்’ என்று அவர் பெண்களுக்குச் சொல்கிறார். அதே வினைதான், குரல் வேறு.

அகராதியைத் திறப்பவர்கள் செய்யும் தவறு வேறு வகை. கார்ப்பெரேவுக்கு நேரே பறி, மேய், நூற்றெடு, அனுபவி, வழிநட, அரி, குறைகூறு, தாக்கு என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் வாக்கியத்துக்குப் பொருந்துவதாகத் தோன்றும் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அப்படிச் செய்தால் மொழிபெயர்ப்பு வந்துவிடும், சொல் வராது. இந்த எல்லாப் பொருளுக்கும் அடியில் ஒரே அசைவு இருக்கிறது: பெரிய ஒன்றிலிருந்து சிறிது சிறிதாக எடுப்பது. மாடு புல்லை வாய் வாயாகப் பறிக்கிறது. நீண்ட பகலெல்லாம் மந்தை மேய்ந்ததைக் குறுகிய இரவின் குளிர்ந்த பனி திரும்பக் கொடுத்துவிடும் என்று வர்ஜில் மான்டுவா பக்கத்து நிலத்தைப் புகழும்போது ‘மேய்’ என்பதற்குப் போட்டது இதைத்தான். கம்பளியை விரலால் பிய்த்துப் பிரித்து நூற்பதும் கார்ப்பெரே. வர்ஜிலின் ‘ஈனியட்’ காவியத்தின் ஆறாம் காண்டத்தில் குறிசொல்லும் பெண்ணான சிபில், ‘சரி வா, நடையைப் போடு, எடுத்த காரியத்தை முடி’ என்று காவிய நாயகன் ஈனியஸை விரட்டும்போது வழியைப் ‘பறிக்க’ச் சொல்கிறாள், எட்டு எட்டாகத்தானே வழி தீரும். களைத்த உடல்கள் தூக்கத்தையும் அப்படியே பறிக்கின்றன.

பறிக்கப்படுவது எது என்று பார்க்காமல் பொருள் சொல்லக் கூடாது. பழமோ தூக்கமோ ஆனால் இன்பம். மனிதர் ஆனால் வேதனை. ‘ஈனியட்’ நான்காம் காண்டத்தின் இரண்டாம் வரியில், காதலில் விழுந்த டைடோ ராணியைப் பற்றி ‘கண்ணுக்குத் தெரியாத நெருப்பால் கார்ப்பித்துர்’ என்று வருகிறது. செயப்பாட்டு வினை. ‘பறிக்கப்படுகிறாள்’ என்று எழுதினால் தமிழில் ஒன்றுமே விளங்காது. ‘எரிந்து போகிறாள்’ என்பதும் போதாது, அது ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது. நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: அரித்தல். உள்ளே இருக்கும் நெருப்பு அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்கிறது. கவலை அரிக்கிறது என்று அன்றாடம் சொல்கிறோமே, அதேதான்.

சீசரிடமும் இந்த வேதனைப் பக்கம் உண்டு. கி.மு. 49இல், ஸ்பெயினில் இலெர்டாவிலிருந்து பின்வாங்கும் எதிரிப் படையின் மேல் குதிரைப்படையை விட்டுத் தொல்லை கொடுத்து ‘கார்ப்பெரே’ செய்வது ஒன்றே தனக்கு மிஞ்சியிருந்த வழி என்று அவர் எழுதுகிறார். நேருக்கு நேர் மோதல் இல்லை, ஓரத்தில் கடித்துக் கடித்துக் குறைப்பது. இதை ‘தாக்கினான்’ என்று மட்டும் பெயர்த்தால் போர்முறையே மாறிவிடும்.

ரோமக் கவிஞர் மார்ஷியலிடம் போனால் கவிதைகளைப் பிய்க்கிறார்கள். ‘லேலியஸ், உன் கவிதைகளை வெளியிடாமல் என்னுடையதைப் பிய்க்கிறாய். ஒன்று என்னுடையதைப் பிய்க்காதே, இல்லை உன்னுடையதை வெளியிடு.’ இரண்டே வரிப் பாட்டு, இரண்டு முறை இதே வினை. இங்கே ‘விமர்சித்தல்’ என்று எழுதுவது பெரிய மரியாதை. ஒரு சொல்லை இங்கே, ஓர் அசையை அங்கே என்று நகத்தால் கிள்ளும் ஆளைத்தான் மார்ஷியல் காட்டுகிறார்.

படிக்கத் தொடங்குபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காப்பெரே என்று ஒரு வினை இருக்கிறது. ‘பிடி, எடு’ என்று பொருள். ஒரே ஒரு ‘ர்’ தான் வித்தியாசம். கேப்பிட் என்றால் ‘பிடித்தான்’, கார்ப்சிட் என்றால் ‘பறித்தான்’. இறந்தகாலம் தெளிவாகப் பிரிந்துவிடும். காப்துஸ், கார்ப்துஸ் என்ற எச்ச வடிவங்களில்தான் கண் ஏமாறும். ‘நாளைப் பிடி’ என்ற தவறு கேட்பதற்கு இயல்பாக இருப்பதற்கு இந்த ஒலி ஒற்றுமையும் கொஞ்சம் காரணமாக இருக்கலாம்.

அப்புறம் சொந்தம் கொண்டாடும் சொற்கள். கார்ப்பெட் உண்மையான உறவு; பிய்த்தெடுத்த கம்பளியில் நெய்த துணி என்பதிலிருந்து வந்தது. கார்ப்பென்டருக்குச் சம்பந்தமில்லை, அவர் கார்ப்பென்டும் என்ற இருசக்கர வண்டியைச் செய்தவர். மணிக்கட்டு எலும்பைக் குறிக்கும் கார்ப்பலும் உறவில்லை. கிரேக்கத்தில் மணிக்கட்டுக்கு உள்ள கார்ப்போஸ், பழத்துக்கு உள்ள கார்ப்போஸிலிருந்து வேறான சொல். கார்ப் மீனுக்கும் இதோடு தொடர்பில்லை.

கார்ப்பெரே இன்றைய நாளுக்கு மட்டுமே உரிய வினை என்ற எண்ணம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. வர்ஜிலின் ஒன்பதாம் ‘எக்லாக்’ பாட்டில் ஒரு வரி: ‘டாஃப்னிஸ், பேரி மரங்களுக்கு ஒட்டுக் கட்டு, உன் பழங்களைப் பேரப்பிள்ளைகள் பறிப்பார்கள்.’ எதிர்காலத்தில் வரும் அதே வினை, இம்முறை உருவகம் ஏதுமின்றி, கையும் காம்புமாக. நடந்துபோகும் இரண்டு மேய்ப்பர்கள் நினைவிலிருந்து மீட்டும் பழைய பாட்டு அது. அவர்களில் ஒருவரான மோயிரிஸ் நகரத்துக்குப் போவது புது நில உரிமையாளனுக்கு ஆட்டுக்குட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க. ‘இது என்னுடையது, பழைய குடியானவர்களே, வெளியேறுங்கள்’ என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தவன் அவன்.