விதைப் புல்தரை: மண்ணோடு வந்து சேரும் கோரை

போன மாதம் கோவையில் வடவள்ளிப் பக்கம் ஒரு புதுவீட்டுக்குப் போயிருந்தேன். முன்வாசல் இரண்டேகால் சென்ட், ஆயிரம் சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. காலையில் டிப்பரில் வந்த மண்ணை மதியமே மட்டம் தட்டிவிட்டு, சாயங்காலம் அருகம்புல் விதையைத் தூவத் தயாராக நின்றார் அந்த வீட்டுத் தம்பி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நானும் இதையேதான் செய்தேன். கையைப் பிடித்து நிறுத்திவிட்டு வந்தேன். விதை போட்டுப் புல்தரை வளர்ப்பதில் நடக்கிற இப்படிப்பட்ட தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். தண்ணீர் விட மறப்பது, மரத்தடியில் விதைப்பது எல்லாம் யாருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படத்தைப் பார்த்து விதை வாங்குவது

கரும்பச்சைப் படம் போட்டு இணையத்தில் விற்கிற விதைகளில் பல ஃபெஸ்க்யூ, ரை, கென்டக்கி புளூகிராஸ் வகைகள். எல்லாம் குளிர்ப் பிரதேசப் புற்கள். ஊட்டியில் பிழைக்கும். கோவையிலோ சென்னையிலோ முளைத்தாலும் சித்திரை வெயிலில் கருகிவிடும். சமவெளியில் விதை போட்டு வளர்க்க அருகம்புல்தான் சரி. கடையில் பெர்முடா என்று கேளுங்கள்.

வந்த மண்ணில் அன்றே விதைப்பது

என் முதல் புல்தரைக்கு இரண்டு டிப்பர் குளத்து வண்டல் இறக்கினேன். கறுப்பாக, பொலபொலவென்று, கையில் அள்ளினாலே ஆசையாக இருந்தது. விதைத்த நாலாம் நாளே பச்சை தெரிந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். அது புல் இல்லை, கோரை.

அருகு முளைக்க ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். கோரை கிழங்கிலிருந்து கிளம்புவதால் அதற்கு வேகம் அதிகம். குளியல் பொடிக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிறோமே, அதே கோரைக்கிழங்குதான். ஒரு செடியைக் களைக்கொத்தியால் நிதானமாகத் தோண்டிப் பாருங்கள். மெல்லிய தண்டு ஒன்றில் கருப்புக் கிழங்குகள் மணி கோத்த மாதிரி வரிசையாக இருக்கும். மேலே பிடித்து இழுத்தால் தண்டு அறுந்துவிடும், அடியில் உறங்கிக் கிடந்த கிழங்குகள் தனித்தனியாக முளைக்கும்.

இது தெரியாமல் நான் ஆள் விட்டு மூன்று முறை பிடுங்க வைத்தேன். ஒவ்வொரு முறையும் முன்னைவிட அடர்த்தியாக வந்தது. கூடவே இளம்புல்லும் வேரோடு பிய்ந்து வந்தது. கடைசியில் அரையடி மண்ணை வெட்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். மண், வண்டி வாடகை, விதை, கூலி எல்லாம் இரண்டு தடவை. இன்றைக்கும் புதுத் தரையில் அந்தப் பளபளப்பு முளையைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் மூன்று வாரம் பொறுத்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

மட்டம் தட்டிய மண்ணில் விதை போடாதீர்கள். ஆனால் விதை போட்ட மாதிரியே தினமும் தண்ணீர் விடுங்கள். உள்ளே இருப்பது தானாக வெளியே வரும். பூத்தண்டு விட்டிருந்தால் விரலிடையில் உருட்டிப் பாருங்கள். புல் என்றால் உருளும், கோரை மூன்று பட்டையாக உறுத்தும். ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். நாலைந்து இலை விடும்போதே கிழங்கோடு தோண்டி, மண்ணைச் சல்லடையில் சலித்து எடுங்கள். அப்புறம் இன்னொரு சுற்று தண்ணீர், இன்னொரு சுற்று களை. எடுத்த கிழங்கை எருக்குழியில் போடக் கூடாது. சிமென்ட் தளத்தில் போட்டு வெயிலில் சருகாகக் காயவிடுங்கள்.

பிளாஸ்டிக் ஷீட் விரித்தால் போதும் என்பார்கள். கோரையின் ஊசிமுனை ஷீட்டையே குத்திக்கொண்டு மேலே வரும். கரும்புத் தோட்டத்தில் கோரைக்கு அடிக்கிற ஹாலோசல்ஃப்யூரான் மருந்து இருக்கிறது, ஆனால் முளைத்து வரும் இளம்புல்மேல் அதை அடிக்க முடியாது. விதைத்த பிறகு கண்டுபிடித்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

வடவள்ளித் தம்பி நேற்று போன் செய்தார். இரண்டாம் சுற்றில் ஒரு வாளி நிறையக் கோரை எடுத்தாராம். விதைப் பொட்டலம் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.

பாதி மட்கிய சாணி

அதிலும் களை விதைதான். சாணி வாடை போகாத எருவை இறக்கவே இறக்காதீர்கள்.

ஆழமாக மூடுவது

அருகு விதை கடுகைவிடப் பொடி. அரை சென்டிமீட்டருக்கு மேல் மண் ஏறினால் பாதி முளைக்காது. ஆயிரம் சதுர அடிக்கு அரையிலிருந்து ஒரு கிலோ விதையை ஐந்து பங்கு காய்ந்த மணலோடு கலந்து, பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்குவாக்கிலும் தூவி, விளக்குமாற்றால் லேசாக இழுத்துவிட்டாலே போதும்.

ஹோஸை நேராகப் பிடிப்பது

வேண்டாம். பூவாளி.

ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பது

ஒரே அடைமழையில் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். மாசி, பங்குனியில் விதையுங்கள்.

முதல் வெட்டு

புல் இரண்டரை அங்குலம் வந்ததும் வெட்டலாம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கத்தி மழுங்கியிருந்தால் இளம்புல் வேரோடு வந்துவிடும். தீட்டிக்கொண்டு, தரை காய்ந்திருக்கும் நாளாகப் பார்த்து இறங்குங்கள்.