தோலைப் பிய்க்கும் கைக்கு வேறு வேலை

எனக்கு 36 வயது. பாபநாசம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். ஆட்டிசம் இருப்பது 31 வயதில்தான் தெரிந்தது. நகக்கண்ணையும் மேல்கையையும் நோண்டுவது ஒன்பது வயதிலிருந்தே இருக்கிறது. புண்ணில் பொருக்கு கட்டிவிட்டால், அதை உரிக்கும்வரை வேறு எதிலும் மனம் ஒட்டாது. இதே பாடு படுகிற பெரியவர்களுக்காக, எனக்கு உதவியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது ஒழுக்கக் குறைவு இல்லை. மருத்துவத்தில் இதற்கு எக்ஸ்கோரியேஷன் டிஸார்டர் என்று பெயர். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேட்டில், ஓசிடியை (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறை) ஒட்டிய கோளாறுகளோடு இதையும் சேர்த்தார்கள். நான் முதலில் பார்த்த டாக்டர், “மனசைக் கட்டுப்படுத்தும்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு வருடம் கட்டுப்படுத்திப் பார்த்தேன். கை நிற்கவில்லை, வெட்கம்தான் கூடியது. வெட்கம் கூடக்கூட இன்னும் அதிகமாக நோண்டினேன்.

அதனால் கையை அடக்கும் முன், அது எப்போது எதைத் தேடிப் போகிறது என்று பாருங்கள். பழைய கணக்கு நோட்டு ஒன்றில் இரண்டு வாரம் எழுதினேன்: மணி, இடம், உடம்பில் எந்தப் பகுதி, அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் என்ன நடந்தது. ‘என்ன மனநிலை’ என்ற கேள்வியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். என்ன உணர்கிறேன் என்று கேட்டால் எனக்கு உடனே பதில் வராது. ஆட்டிசம் உள்ள பலருக்கும் அப்படித்தான். சத்தம், வெளிச்சம், வேர்வை, பசி என்றால் எழுதிவிட முடியும்.

எழுதியதில் மூன்று இடங்கள் தெளிவாகத் தெரிந்தன. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து ஆலை இரவு பகலாக ஓடும். இயந்திரச் சத்தமும் உமித் தூசியும் கழுத்தில் நெல் சுணையுமாக வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் கை மேல்கைக்குப் போயிருக்கும். இரண்டாவது, குளியலறைக் கண்ணாடி. மூன்றாவது, ராத்திரி போனில் படிக்கும்போது. அது எனக்கே தெரியாமல் நடப்பது.

மூன்றுக்கும் ஒரே மருந்து இல்லை. ஆலையில் இப்போது காதில் ஃபோம் அடைப்பான் வைத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்ததும் திண்ணையில் உட்காருவதில்லை. நேராகக் குளியல், பருத்தி நைட்டி, இருட்டு அறையில் இருபது நிமிடம், யாரோடும் பேச்சு கிடையாது. இதிலேயே பாதி குறைந்தது. கண்ணாடிக்கு மேலிருந்த டியூப் லைட்டை எடுத்துவிட்டு மங்கலான பல்பு போட்டேன். தெரியாமல் போகிற கைக்குக் கண்ணாடி வளையல்: கை மேலே போனால் சத்தம் கேட்டு நினைவு வந்துவிடுகிறது. அந்தச் சத்தம் ஆகாதவர்கள் விரல் நுனியில் பேப்பர் பிளாஸ்டர் சுற்றிக்கொள்ளலாம்.

அப்புறம்தான் மாற்று வேலை. 1973இல் அஸ்ரின், நன் என்ற இரு உளவியலாளர்கள் பழக்கங்களை மாற்றும் பயிற்சி ஒன்றை எழுதினார்கள். இன்றும் இதற்குச் சொல்லித்தரும் முறைகளுக்கு அதுதான் அடிப்படை. கை போவதைக் கவனி, உடனே அந்தக் கையால் நோண்ட முடியாதபடி வேறொன்றைச் செய். முஷ்டியை ஒரு நிமிடம் மூடி வைத்திருக்கச் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. என் கை கேட்டது உரிப்பதை. மூடிய முஷ்டியில் உரிக்க ஒன்றுமில்லை, அமுக்குகிற பந்திலும் இல்லை.

பதில் அம்மாவின் பூக்கூடையில் இருந்தது. பூக்கட்டுவதற்காகக் காய்ந்த வாழைப்பட்டையில் தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருப்பார். பட்டையின் ஓரத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டு, இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் நீளமாகக் கிழியும். நடுவில் கொஞ்சம் அடம் பிடிக்கும், பிறகு சர்ரென்று விட்டுக்கொடுக்கும். பொருக்கை உரிக்கும்போது கை எதிர்பார்ப்பதும் இந்த அடத்தையும் இந்த விடுதலையையும்தான். மெல்லிய நாராகக் கிழித்துக்கொண்டே போனால் அரைமணி நேரம் ஓடிவிடும், அம்மாவுக்கும் நார் ஆயிற்று. பனங்கிழங்கு வரும் காலத்தில் அதை உரிப்பேன், மற்ற நாட்களில் அவித்த வேர்க்கடலை. ஆலையில் நார் எடுத்துப்போக முடியாது. அங்கே பிளாஸ்டிக் மூடியில் ஃபெவிகால் தடவி இரவே காயவைத்துக் கொண்டுபோகிறேன். எதுவானாலும் நோட்டில் எழுதிய அதே இடத்தில், கைக்கு எட்டும்படி இருக்கட்டும். அலமாரியில் இருந்தால் அந்த நேரத்தில் எழுந்துபோய் எடுக்க மாட்டீர்கள்.

அம்மா முன்பெல்லாம் “ஏண்டி, கையை எடு!” என்று அதட்டுவார். திடுக்கிட்டுப் போவேன், பிறகு தனியாகப் போய் நோண்டுவேன். ஒரு நாள் நிதானமாக உட்கார்ந்து பேசினோம். இப்போது ஒன்றும் சொல்லாமல் நார்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்துகிறார். வீட்டில் இருப்பவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

சொரசொரப்பு கையை இழுக்கும். நகத்தை ஒட்ட வெட்டி, அரம் போட்டு, படுக்கும்முன் நகக்கண்ணில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். புண்ணைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, வாசலின் தடவி மூடுங்கள். காபித்தூளும் மஞ்சளும் வேண்டாம். அல்லது மருந்துக்கடையில் ஹைட்ரோகொல்லாய்டு பிளாஸ்டர் கேட்டு வாங்கி, வாசலின் தடவாமல் ஒட்டுங்கள். அதன் அடியில் புண் ஈரமாகவே ஆறுவதால் உரிக்கக் காய்ந்த பொருக்கு இருக்காது. சிவப்பு பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சல் அடித்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் சீக்கிரம். அரிப்புதான் தொடக்கம் என்றால் சிரங்கோ எக்ஸிமாவோ இருக்கலாம், தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

தனியாகச் சமாளிக்க முடியாவிட்டால் மனநல மருத்துவரிடம் ஆட்டிசத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். மாத்திரைகளும் உண்டு, அவரைக் கேட்காமல் வாங்கிச் சாப்பிட வேண்டாம். யாரிடம் போவது என்றே தெரியாவிட்டால், டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவியின் எண் 14416. இலவசம்தான், தமிழில் பேசலாம்.

கல்யாண வீடுகளில் “கையில என்னம்மா?” என்று கேட்பார்கள். முன்கூட்டியே ஒரு பதிலை எழுதி நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போங்கள். என்னுடையது: “தோல்ல ஒரு பிரச்சனை அத்தை, டாக்டர்கிட்ட பார்த்துக்கிட்டிருக்கேன்.” அதற்கு மேல் கேட்டால், பந்தி ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டபடி நகர்ந்துவிடுகிறேன்.