ஆய்வு மாணவருக்கு வழிகாட்டுவது எப்படி? முதன்முறை வழிகாட்டுபவர்களுக்கு

மாணவர் மாட்டிக்கொண்டு நிற்பது பிரச்சினையே இல்லை. அதைச் சொல்லாமல் மூன்று வாரம் தவிப்பதுதான் பிரச்சினை. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த மௌனத்தைச் சீக்கிரம் உடைப்பதற்காகத்தான்.

படி 1: முதல் சந்திப்பிலேயே ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள். வாரம் எத்தனை மணி நேர வேலை, வரைவு கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பும், கட்டுரை வந்தால் யார் பெயர் முதலில் வரும். இந்தக் கடைசி விஷயம் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். முடிவுகள் கைக்கு வந்தபின் பேசினால் மனக்கசப்பில் முடியும்.

படி 2: விடை தெரிந்த சிறு வேலையைக் கொடுங்கள், இரண்டு வாரத்தில் முடிகிற மாதிரி. வெளிவந்த கட்டுரை ஒன்றின் ஒரே ஒரு வரைபடத்தை, அதே தரவிலிருந்து திரும்ப வரையச் சொல்லலாம். ஒத்துவராவிட்டால் பிழையைத் தேட ஓர் இலக்கு இருக்கும். எடுத்ததும் புதிய கேள்வியில் இறக்கிவிட்டால், தவறு தன் கையிலா, கருவியிலா, கருதுகோளிலா என்று மாணவருக்குப் பிடிபடாது.

படி 3: குறிப்பேடு. தேதி, செய்தது, ஏன் செய்தது. "வரிசை 212-ஐ நீக்கினேன்" என்பது போதாது. "வரிசை 212-ஐ நீக்கினேன், அந்த நேரத்தில் சென்சார் கழன்றிருந்தது" என்று இருக்க வேண்டும். காரணம் இல்லாமல் நீக்கிய தரவை ஆறு மாதம் கழித்து யாராலும் நியாயப்படுத்த முடியாது.

படி 4: வாரம் ஒரு முறை, 30 நிமிடம். வேலை நடக்கவில்லை என்றாலும் சந்திப்பைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த வாரம்தான் மிக அவசியம். "சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் அதிக நேரத்தை விழுங்கியது எது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். பத்து விநாடி மௌனம் நீளமாகத் தோன்றும், நீங்களே பதில் சொல்லிவிட வாய் துறுதுறுக்கும். விசைப்பலகையைப் பிடுங்கிச் சரிசெய்து கொடுப்பதும் அப்படித்தான்: வேலை முடியும், மாணவர் கற்கமாட்டார்.

படி 5: வரைவைத் திருத்தும்போது முதல் வாசிப்பில் வாதத்தை மட்டும் பாருங்கள், எழுத்துப்பிழையை விடுங்கள். "தெளிவில்லை" என்று எழுதினால் எதைத் திருத்துவது என்று தெரியாது. "எத்தனை மாதிரிகள் எடுத்தீர்கள் என்பது இந்தப் பத்தியில் இல்லை" என்றால் தெரியும். ஒரு பத்தியை உடன் உட்கார்ந்து சேர்ந்து திருத்துங்கள். மீதியை அவரே திருத்திக் கொண்டுவரட்டும்.