பஸ்ஸா, கவரேஜா: தோட்டத்தின் முதற் கோரிக்கையைத் தீர்மானிப்பது எப்படி?

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து அபிவிருத்திச் சங்கக் கூட்டம் எதுவானாலும் அரை மணி நேரத்துக்குள் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். இளைஞர்கள் கைத்தொலைபேசிக் கவரேஜ் இல்லை என்பார்கள். தாய்மார் பஸ் இல்லை என்பார்கள். முடிவில் இரண்டையும் ஒரே மனுவில் எழுதி, எல்லோரிடமும் கையொப்பம் வாங்கி, தெரிந்த முகவரிகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டுக் கலைவதே வழக்கம். எங்கள் முதல் மனுவும் அப்படித்தான் போனது. "உரிய நடவடிக்கைக்காக" என்ற குறிப்போடு அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்து, பதினோரு மாதங்களுக்குப் பிறகு, விடயம் தமது அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்ற ஒற்றை வரிப் பதிலோடு திரும்பி வந்தது. அரசாங்கம் இணையத்துக்கு முதலிடம் தர வேண்டுமா, பொதுப் போக்குவரத்துக்குத் தர வேண்டுமா என்பதை நாடு முழுவதற்குமாகத் தீர்ப்பது கடினம். ஒரு தோட்டத்துக்கு அதைத் தீர்த்துக்கொள்ள முடியும். இரண்டாம் முறை நாங்கள் கையாண்ட வழியைக் கீழே தருகிறேன்.

பயணங்களை எண்ணுதல்

ஒரு கொப்பி வாங்கிப் பதினான்கு நாட்களுக்குத் தோட்டத்திலிருந்து வெளியே செல்லும் ஒவ்வொரு பயணத்தையும் பதிவுசெய்யுங்கள். தோட்டப் பாதை பிரதான வீதியில் சேரும் சந்தியில் ஒருவர் நின்றும் எழுதலாம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் ஒவ்வொன்றுக்கும் உயர்தர மாணவர் ஒருவரைப் பொறுப்பாக்குவது இன்னும் நல்லது. பதினான்கு நாட்களுக்குள் சம்பள வாரமும் சம்பளமில்லாத வாரமும் அடங்க வேண்டும். 10ஆம் திகதியை ஒட்டிய நாட்களை மட்டும் எண்ணினால் நகரத்துக்குப் போகும் கூட்டம் இருமடங்காகத் தெரியும், கணக்கைப் பார்க்கும் அதிகாரியும் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்.

எங்கே போனார், எதற்காகப் போனார், எதில் போனார், எவ்வளவு செலவானது, வேலை நாள் இழந்தாரா என்ற ஐந்து நிரல்களோடு ஆறாவதாக ஒன்றைச் சேருங்கள்: வீட்டில் நல்ல இணையம் இருந்திருந்தால் இந்தப் பயணத்தைத் தவிர்த்திருக்கலாமா? முடிவு முழுவதும் இந்த ஆறாவது நிரலில்தான் தங்கியிருக்கிறது; ஆகவே அதை எழுதும் பிள்ளைக்கு அதன் பொருளைப் பொறுமையாக விளக்க வேண்டும்.

எங்கள் கொப்பியில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு உரிய பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு வரிகள் இருந்தன. தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்கிலிருந்து ஒரு அம்மா, அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிப் பணம் வங்கிக் கணக்கில் விழுந்துவிட்டதா என்று கேட்க ஆட்டோ பிடித்து நகரத்துக்குப் போயிருக்கிறார். அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போய்விட்டது, "நாளை வாருங்கள்" என்ற பதிலோடு திரும்பினார். கைத்தொலைபேசி அவரிடம் இருந்தது. ஆனால் குறுஞ்செய்தி வந்து சேர மலைக்கு மேல் உள்ள பாறை வரை ஏற வேண்டும். அடுத்த வரி ஒரு கர்ப்பிணியுடையது. கிளினிக்குக்குப் போக அவர் பாலம் வரை கொழுந்து லொறியில் வந்து, அங்கிருந்து பிரதான வீதிக்கு நடந்திருக்கிறார். முதல் வரியில் "தவிர்க்கலாம்" என்றும் இரண்டாவதில் "தவிர்க்க முடியாது" என்றும் எழுதப்பட்டிருந்தன.

பரீட்சைப் பெறுபேறு பார்த்தல், மின்கட்டணம் செலுத்துதல், படிவம் பெறுதல் போன்றவை பெரும்பாலும் தவிர்க்கக்கூடியவை. பிரசவம், கிளினிக், பாடசாலை, மரக்கறி, மரண வீடு ஆகியவற்றை எந்த வேகத்து இணையமும் தவிர்க்காது. வைத்தியரிடம் இலக்கம் பெறுவதற்காக ஒருமுறையும் காட்டுவதற்காக இன்னொருமுறையும் போவது இரண்டுக்கும் நடுவில் வரும். அதை அரைப் பயணமாக எண்ணுங்கள்.

யாருடைய பணம் என்பதை அறிதல்

இரண்டு கோரிக்கைகளும் ஒரே உண்டியலுக்குள் கையை நீட்டுவதில்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாததால்தான் பெரும்பாலான மனுக்கள் தோற்கின்றன என்பது என் எண்ணம்.

தோட்டப் பாதை பல காலம் யாருக்கும் சொந்தமில்லாத பிள்ளையாகவே இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்ட பின்னர் அந்தத் தடையைக் காரணங்காட்டிக் கைவிரிக்க இடமில்லை. தோட்டக் கம்பனி வீதி என்று இன்றும் சொல்லும் உத்தியோகத்தருக்கு இந்தத் திருத்தத்தைப் பணிவாக நினைவூட்டுங்கள். பஸ் சேவையைப் பொறுத்தவரை, இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸாயின் டிப்போ முகாமையாளரிடமும், மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸாயின் மாகாணப் போக்குவரத்து அதிகார சபையிடமும், மாகாண எல்லையைக் கடக்கும் பஸ்ஸாயின் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடமும் போக வேண்டும். மாகாண சபைகளுக்கு நீண்ட காலமாகத் தேர்தல் நடக்காததால், மாகாண விடயங்கள் பற்றிய மனுவின் பிரதியொன்று ஆளுநரின் செயலகத்துக்கும் செல்வது நல்லது.

கைத்தொலைபேசிக் கோபுரத்தை நிறுவுவது கம்பனியின் முதலீடு. அரசாங்கத்தின் கை அங்கே இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் வழியாக நீள்கிறது. உரிமம் வழங்குவதும், கவரேஜ் இல்லாத கிராமங்களுக்குக் கம்பனிகளை அனுப்பத் திட்டம் வகுப்பதும் அதன் வேலை. ஆகவே பஸ்ஸுக்குப் பணம் கேட்கிறோம்; கவரேஜுக்கு அழுத்தமும் அனுமதியும் கேட்கிறோம். இரண்டும் ஒரே கடிதத்தில் அடங்காது.

பாதையையும் கவரேஜையும் அளத்தல்

பஸ் வராததற்குப் பல இடங்களில் காரணம் மனமின்மை அன்று, திருப்ப இடமின்மை. பாதையின் மிகக் குறுகிய இடத்தின் அகலம், கொண்டை ஊசி வளைவுகளின் எண்ணிக்கை, மதகுகளின் நிலை, கடைசி லயத்துக்கருகில் பஸ் திரும்பக்கூடிய வெளி ஆகியவற்றை நாடா பிடித்து அளந்து எழுதுங்கள். காலையில் தொழிலாளர் கூடும் பெரட்டுக்களம் போதுமான அளவு விரிந்ததாக இருந்தால், அங்கேயே திருப்புவதற்கான அனுமதியைத் தோட்ட முகாமையாளரான தோட்டத்துரையிடம் எழுத்தில் பெறுங்கள். அந்த ஒரு கடிதம் நூறு கையொப்பங்களைவிட டிப்போவில் அதிகம் பேசும். சீசன் டிக்கெட் எடுக்கக்கூடிய மாணவர்களின் எண்ணிக்கையையும் சேருங்கள். மாணவர் சீசனுக்கும் இலாபமில்லாத வழித்தடங்களுக்கும் அரசாங்கம் இ.போ.சபைக்கு மானியம் வழங்குவதால், "ஓடினால் நட்டம்" என்ற பதிலுக்கு அந்த எண்ணிக்கையே மறுமொழியாகும்.

கவரேஜை அளக்கும்போது ஒவ்வொரு கம்பனியின் சிம்மையும் போட்டு, ஒவ்வொரு லயத்தின் வாசலிலும் வீட்டுக்குள்ளும் காலையிலும் இரவிலும் அழைத்துப் பாருங்கள். மலைநாட்டில் வானொலி அலைகளை மலைமுகடு மறைத்துவிடுவதால், கீழ்க்கணக்கில் நான்கு கோடுகள் காட்டும் போன் இருநூறு அடி தள்ளி ஊமையாகிவிடும். கோபுரம் உங்கள் தோட்டத்திலேயே நிற்க வேண்டும் என்றும் இல்லை. பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறச் சரிவில் நின்றால் உங்கள் லயங்களை இன்னும் நன்றாகப் பார்க்கும். மண்சரிவு அபாயமுள்ள நிலத்தில் எதைக் கட்டுவதற்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி தேவைப்படும் என்பதையும் இடத்தை முன்மொழியும்போதே மனதில் கொள்ளுங்கள்.

தீர்மானித்தல்

இப்போது ஆறாவது நிரலைக் கூட்டுங்கள். தவிர்க்க முடியாத பயணங்கள் பாதிக்கு மேல் இருந்தால் பாதையும் பஸ்ஸும் முதற் கோரிக்கை. எங்கள் கொப்பி அப்படித்தான் சொன்னது. பெரும்பாலான தோட்டங்களிலும் அப்படியே வரும் என்று நினைக்கிறேன். வாடிக்கையாளர் தொகை தெரிந்தால் கோபுரத்தைக் கம்பனி ஒருநாள் தானாகவே நட்டுவிடும். காலை ஆறு மணிக்குப் பதினெட்டு மாணவர்களுக்காகவும் நான்கு நோயாளிகளுக்காகவும் எந்தக் கம்பனியும் பஸ் ஓட்டாது. பொதுப் பணம் வேறு எவரும் செய்ய முன்வராத இடத்துக்கே முதலில் போக வேண்டும்.

இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. பாதை நன்றாக இருந்து, நாளுக்கு மூன்று நான்கு முறையாவது பஸ் வந்துபோகும் தோட்டமாயின் கவரேஜை முன்னே வைக்கலாம். மண்சரிவு எச்சரிக்கைப் பகுதியில் இருக்கும் தோட்டமும் அப்படியே. 2014இல் மீரியபெத்தை மண்சரிவையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலையும் பார்த்த எங்களுக்கு, வெளியேறும்படி சொல்லும் ஒரு குறுஞ்செய்தி உரிய நேரத்தில் வந்து சேர்வதன் பெறுமதியை எவரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் புயலில் வீதியோடு தொலைத்தொடர்பும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டது. மின்சாரம் போனால் கோபுரத்தின் மின்கலம் சில மணி நேரமே தாங்கும். ஆகவே இந்தக் காரணத்துக்காகக் கேட்பவர்கள் மின்பிறப்பாக்கியையும் சேர்த்தே கேளுங்கள்.

எழுதுதலும் அனுப்புதலும்

நிதியாண்டு ஜனவரி 1இல் தொடங்குவதால் பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டம் ஆண்டின் கடைசி மாதங்களில் தயாராகும். ஆகஸ்டுக்குள் மனு போய்ச் சேர்வது நல்லது. டிசம்பரில் கொடுப்பது அடுத்த ஆண்டையும் இழப்பதாகும். மனு இரண்டு பக்கங்களைத் தாண்டக்கூடாது. முதற் பத்தியில் ஒரே ஒரு கோரிக்கை, இரண்டாவதில் கொப்பியின் கூட்டுத்தொகைகள், மூன்றாவதில் அளவுகள் என்று அமையுங்கள். முன்னோர் பட்ட துயரம் முழுவதையும் எழுதும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். தமிழில் எழுதும் உரிமை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்திலேயே உண்டு என்றாலும், சிங்கள மொழிபெயர்ப்பொன்றை இணைத்தால் கோப்பு மொழிபெயர்ப்பாளரின் மேசையில் தூங்காது.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். "ஏன் எங்களுக்குப் பஸ் இல்லை?" என்று கேட்டால் தகவல் கிடைக்காது, "எங்கள் பாதை சபையின் வீதிப் பதிவேட்டில் உள்ளதா, மனு எந்தத் திகதியில் யாரிடம் கையளிக்கப்பட்டது, அதற்கு எழுதப்பட்ட குறிப்பின் பிரதி" என்று ஆவணமாகக் கேளுங்கள். மனுவின் பிரதியில் பெற்ற திகதி முத்திரையையும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் அதே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி, கொப்பியைச் சங்கச் செயலாளரின் வீட்டில் வைக்காமல் கோயில் பெட்டகத்தில் வையுங்கள். செயலாளர்கள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுவார்கள்.