மைக்ரேஷனைக் கருவி எழுதட்டும், வரிசையை நீங்கள் முடிவு செய்யுங்கள்

ஒரு ஃபீல்டின் பெயரை 'ஃபோன்' என்பதிலிருந்து 'மொபைல்' என்று மாற்றினேன். கோடில் ஒரே வரி. டெஸ்ட் சர்வரை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தால் டேபிளில் 'மொபைல்' இருக்கிறது, ஆனால் எல்லா ரெக்கார்டிலும் காலி. 'ஃபோன்' காணவே இல்லை. கோடுக்கு ஏற்ப டேபிளைத் தானாகவே மாற்றும் தானியங்கி சிங்க் ஆனில் இருந்திருக்கிறது. அது பழைய ஃபீல்டை டிராப் செய்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டது. பேக்கப் இருந்ததால் மீட்க முடிந்தது. அன்றைக்கே அந்த செட்டிங்கை எடுத்துவிட்டேன்.

தானியங்கிக் கருவிக்குத் தெரிவது இரண்டே விஷயம்: டேபிள் இப்போது எப்படி இருக்கிறது, கோடில் உள்ள மாடல் எப்படி இருக்கச் சொல்கிறது. உள்ளே இருக்கும் டேட்டா எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. பைதானுக்கான அலெம்பிக் கருவியின் ஆட்டோஜெனரேட்டும் பெயர் மாற்றத்தை ஒரு டிராப், ஒரு ஆட் என்றுதான் எழுதித் தரும். ஜாவாவுக்கான ஹைபர்னேட்டின் 'அப்டேட்' செட்டிங் பழையதை நீக்காது. பக்கத்தில் புதியதைச் சேர்த்துவிட்டுப் போய்விடும். பைதான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ 'பெயரை மாற்றினீர்களா?' என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு அவசரமாக எண்டர் தட்டாதீர்கள்.

உங்கள் லேப்டாப்பில், அழித்தாலும் கவலையில்லாத டேட்டாபேஸுக்குத் தானியங்கி முறை அருமையானது. இன்னொருவரின் டேட்டா உள்ளே வந்துவிட்டால் வரிசையான மைக்ரேஷன் ஃபைல்களுக்கு, அதாவது டேபிள் மாற்றங்களை ஒவ்வொன்றாக எழுதி வைக்கும் ஃபைல்களுக்கு, மாறிவிடுங்கள். முதல் வரைவைக் கருவியே எழுதட்டும். 'டிராப்' என்ற சொல் வரும் இடத்தையெல்லாம் நீங்கள் படித்துத் திருத்துங்கள், அப்புறம் கமிட் செய்யுங்கள்.

ஒருமுறை ஓடிய ஃபைலைத் தொடவே கூடாது. இந்த ஃபைல்களை ஓட்டும் ஃப்ளைவே என்ற கருவி ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எண்) எழுதி வைத்துக்கொள்ளும். ஓடிய ஃபைலில் நீங்கள் எழுத்தை மாற்றினால் சரிபார்க்கும்போது நிறுத்திவிடும். தப்பு இருந்தால் அடுத்த எண்ணில் புது ஃபைல். இரண்டு பேர் தனித்தனி பிராஞ்சில் ஒரே எண்ணை எடுத்தால் மோதும், அதற்காகத்தான் ரூபி ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸ் வரிசை எண்ணுக்குப் பதில் நேரமுத்திரை வைக்கிறது.

சரி, அந்தப் பெயர் மாற்றத்தை ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் எப்படிச் செய்வது? நேரடியாக ரீநேம் செய்தால் டேட்டா பிழைக்கும், ஆனால் டிப்ளாய் (புதிய கோடை சர்வரில் ஏற்றுவது) நடக்கும் சில நிமிடங்களுக்குப் பழைய கோடும் புதிய கோடும் சேர்ந்தே ஓடும். பழைய கோடு 'ஃபோன்' எங்கே என்று தேடி எரர் அடிக்கும். அதனால் நான் மூன்று ஃபைலாகப் பிரிப்பேன். 41ஆம் ஃபைல், 'மொபைல்' என்ற ஃபீல்டைக் காலியாக இருக்க அனுமதித்துச் சேர்க்கும். அப்புறம் இரண்டு ஃபீல்டிலும் எழுதும் கோடை டிப்ளாய் செய்வேன். பழைய கோடு எங்கும் ஓடவில்லை என்று உறுதியான பிறகுதான் 42. அது பழைய ரெக்கார்டுகளை ஆயிரம் ஆயிரமாக நகலெடுக்கும். மொத்தமாக ஒரே அப்டேட்டில் செய்தால் அத்தனை ரெக்கார்டும் அது முடியும்வரை வேறு யாரும் மாற்ற முடியாதபடி லாக்கில் மாட்டிக்கொள்ளும். அடுத்த டிப்ளாயில் கோடு 'மொபைலை' மட்டும் படிக்கும், எழுதும். 43 பழையதை நீக்கும்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஆல்டர் டேபிளுக்கு (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) முன் லாக் டைம்அவுட்டை (லாக்குக்காகக் காத்திருக்கும் உச்ச நேரம்) சில விநாடிகளுக்கு வையுங்கள். இல்லாவிட்டால் நீளமான ஒரு குவெரிக்காக ஆல்டர் காத்திருக்கும், அதன் பின்னால் மற்ற எல்லாமே வரிசையில் நிற்கும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஆல்டரை ரோல்பேக் செய்ய (பழைய நிலைக்குத் திருப்ப) முடியாது, ஒவ்வொரு ஆல்டரும் அங்கேயே கமிட் ஆகி நிலைத்துவிடும். பாதியில் நின்றால் எது ஓடியது என்று குழம்பாமல் இருக்க, அங்கே ஒரு ஃபைலுக்கு ஒரு மாற்றம் மட்டும்.

'ஃபோனில்' எழுதுவதை நிறுத்தும் கோடை டிப்ளாய் செய்வதற்கு முன் ஒரு கவுண்ட் குவெரி ஓட்டுங்கள்: 'ஃபோனில்' மதிப்பு இருந்தும் 'மொபைல்' காலியாக இருக்கும் ரெக்கார்டுகள் எத்தனை? 0 வராதவரை அந்தக் கோடை டிப்ளாய் செய்யாதீர்கள், 43ஐ மெர்ஜும் செய்யாதீர்கள்.